மாரடைப்பு அறிகுறி: ஆணிடம் எதைப் பார்க்க வேண்டும், பெண்ணிடம் எதைக் கேட்க வேண்டும்?

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக 16 வருடம் ஆகிறது. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டுக் கூட்டி வருகிற எல்லாரிடமும் நாங்கள் முதலில் கேட்பது, "எப்ப ஆரம்பிச்சது?" என்றுதான். காலை ஆறு மணிக்கு வந்து நிற்பவர், "ராத்திரி சாப்பிட்டதிலேர்ந்து" என்பார். இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஊர் மாறினாலும் பதில் மாறாது: ஓமத்திரவம், கோலி சோடா, ஜெலுசில், முதுகில் தைலம், அப்புறம் "கொஞ்ச நேரம் படுங்க, சரியாயிடும்".

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்கிவிடும். அப்படிச் செத்த தசை திரும்ப வளராது. அதனால் இந்த வழிகாட்டியின் நோக்கம் ஒன்றுதான்: எதைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டும், சந்தேகம் வந்ததும் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும். நோயை உறுதிப்படுத்துகிற பொறுப்பை ஈசிஜி இயந்திரத்திடமும் டாக்டரிடமும் விட்டுவிடுங்கள்.

மகளிர் குழுக்களில் இதை வகுப்பாக எடுத்திருக்கிறேன். "இடது கை வலி" என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி இருக்கும், நடித்துக் காட்டுங்கள் என்றால், சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். நிஜத்தில் அப்படி வருபவர்கள் குறைவு. நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்பவர்கள்தான் அதிகம்.

1. எதுவும் வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இரவு இரண்டு மணிக்கு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது என்பதால் இதை முதல் படியாக வைக்கிறேன்.

முதலில் ஒரு ஃபைல். வீட்டில் 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் பழைய ஈசிஜி ஒன்று, கடைசியாக எடுத்த சர்க்கரை, கொழுப்பு, பிபி அளவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, இவ்வளவும் அதில் இருக்கட்டும். பழைய ஈசிஜி எதற்கு என்று கேட்பார்கள். புது ஈசிஜியில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது இன்றைக்கு வந்ததா, பல வருடமாக இருப்பதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அடுத்து, எங்கே போவது என்ற முடிவு. பக்கத்தில் 24 மணி நேரமும் ஈசிஜி எடுக்கும் இடம் எது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதோ, ஆஞ்சியோ செய்து (மெல்லிய குழாயை உள்ளே விட்டு) அடைப்பை நீக்குவதோ எங்கே நடக்கும் என்று பகலிலேயே போய் விசாரித்து வையுங்கள். ஈசிஜி இல்லாத கிளினிக்குக்கு முதலில் போய், அங்கிருந்து இன்னொரு இடம், அங்கிருந்து மூன்றாவது இடம் என்று அலைவதில்தான் நேரம் போகிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கு முதலில் கொடுக்கும் மாத்திரைகளை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின்) இருப்பு வைக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவில் என்றால், உங்கள் ஊர் நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்து வைப்பது. புகைபிடிப்பவர், சர்க்கரை, பிபி, கொழுப்பு உள்ளவர், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்போ, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்த குடும்பம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் விட்டுப்போவது பெண்களுக்கே உரிய கேள்விகள்: கர்ப்ப காலத்தில் பிபி ஏறியதா, சர்க்கரை வந்ததா, 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா? ஆம் என்றால், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற வயதிலும் அந்த அம்மாவின் இதயத்துக்கு அது கணக்கில் வரும். அதனால் ஃபைலில் எழுதுங்கள்.

வயதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியாவில் முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டியே வந்திருந்தது. மற்ற பகுதிகளின் சராசரியைவிட அது சில வருடம் முன்னால். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய 9 வருடம் தள்ளி வந்தது. தள்ளி வருகிறது என்பதைத்தான் நம் வீடுகளில் "பொம்பளைங்களுக்கு வராது" என்று புரிந்து வைத்திருக்கிறார்கள்.

2. வாரக்கணக்கில் முன்னால் வரும் அடையாளங்கள்

எல்லா மாரடைப்பும் திடீரென்று வருவதில்லை. பலருக்கு உடம்பு முன்பே சொல்லியிருக்கும். கேட்டால், "ஆமா, ஒரு மாசமா மாடி ஏறினா நெஞ்சு இறுக்குச்சு, நின்னா போயிடும்" என்பார்கள். நின்றால் போய்விடுகிறது என்பதால்தான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். வேலை செய்யும்போது வந்து, ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் போகிற எந்தத் தொந்தரவும், அது நெஞ்சில் இருந்தாலும், தாடையில் இருந்தாலும், தோளில் இருந்தாலும், இதயத்தைச் சந்தேகிக்க வைக்க வேண்டும். சாப்பிட்டவுடன் நடந்தால் வருவதும், பனிக்காலக் காலையில் குளிர்காற்றில் நடக்கும்போது வருவதும் இதே ரகம். காரணம் எளிது: உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அந்தக் கூடுதல் கிடைக்காது. வேலையை நிறுத்தினால் தேவை குறைந்துவிடும், வலியும் நின்றுவிடும்.

ஆண்களிடம் இன்னொன்றும் பார்க்க வேண்டும், கூச்சத்தில் யாரும் வாய் திறக்காத விஷயம். விறைப்புத்தன்மைக் குறைபாடு புதிதாக வந்தால் அது சில வருடத்தில் வரப்போகும் இதய நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்த உறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, அடைப்பின் விளைவு அங்கே முதலில் தெரியும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறந்துவிடாமல், டாக்டரிடம் இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களிடம் பார்க்க வேண்டியது அசதி. 2003-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 515 பெண்களிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு 70 பேர் அதற்கு முன்பே வழக்கத்துக்கு மாறான அசதி இருந்ததாகச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தூக்கம் கெட்டிருந்தது. நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கு அசதி இல்லை என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அதனால் அசதியா என்று கேட்காதீர்கள், போன மாதத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். "முன்னாடி ஒரே மூச்சா ரெண்டு குடம் தண்ணி தூக்குவீங்களே, இப்ப எத்தனை தடவை நிக்கிறீங்க?" இந்தக் கேள்விக்கு வரும் பதில் பொய் சொல்லாது.

இந்தப் படியில் இருப்பவர்கள் ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுக்க வேண்டும். ஆனால் தொந்தரவு அடிக்கடி வர ஆரம்பித்தாலோ, குறைந்த வேலைக்கே வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, ஓரிரு நாள் என்பதெல்லாம் கிடையாது, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

3. தொந்தரவு தொடங்கியதும்: முதலில் பாருங்கள், அப்புறம் கேளுங்கள்

புதியவர்கள் எல்லாரும் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் அவர் "ஒண்ணுமில்ல" என்கிறார், இவர்களும் நம்பிவிடுகிறார்கள். முதல் அரை நிமிடம் கண்ணால் பாருங்கள்.

வியர்வைதான் எனக்கு முக்கியமான அடையாளம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் நெற்றியிலும் கழுத்திலும் சில்லென்று வியர்த்திருந்தால், தொட்டால் தோல் ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தால், அதற்கு மேல் விசாரணை வேண்டாம், நேராக 7-வது படிக்குப் போங்கள். எங்கள் பிரிவில் ஒருவருக்கு ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் வைக்கும் ரப்பர் குமிழ் ஒட்டவே இல்லை. துண்டால் துடைத்து வைத்தால் மறுபடியும் நழுவுகிறது, அவ்வளவு வியர்வை. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. அவரோ, "பைக்ல வந்தேன், வெயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணி இரவு பத்தரை.

வியர்வைக்கு அடுத்து முகத்தின் நிறத்தைப் பாருங்கள், வெளுத்தோ சாம்பல் பூத்தது போலவோ இருக்கிறதா? மூச்சைக் கவனியுங்கள், ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா? கையை எங்கே வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். ஒரு விரலால் ஒரே புள்ளியைக் காட்டுவதைவிட, உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவதுதான் கவலைக்குரியது.

4. கேட்க வேண்டிய கேள்விகள், இதே வரிசையில்

"நெஞ்சு வலிக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிப் பேர் இல்லை என்று சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. மாரடைப்பு பலருக்கு வலியாகவே தெரியாது. பாரமாக, இறுக்கமாக, அடைப்பது போல, பிசைவது போல, எரிவது போல இருக்கும். "நெஞ்சு மேல அம்மிக்கல்ல வெச்ச மாதிரி" என்று ஒரு பாட்டி சொன்னார்; அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எனவே முதல் கேள்வி: "தொப்புளுக்கு மேல, தாடை வரைக்கும், முன்னாலயோ முதுகிலயோ கையிலயோ வழக்கமில்லாத எதாவது தெரியுதா?" இடது கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வலது கை, இரண்டு கை, தொண்டை, கீழ்த்தாடை, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே, மேல் வயிறு எல்லாமே கணக்கு. இதயத்தின் நரம்புகளும் இந்த இடங்களின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் போய்ச் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குக் குழப்பம் வரும்.

இரண்டாவது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? பதிலை எழுதுங்கள், கையில் பேனாவால் எழுதினாலும் சரி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரத்துக்கு மேல் பெரிய பயன் இருக்காது. டாக்டரின் முடிவு இந்த ஒரு விவரத்தைப் பொறுத்திருக்கிறது.

மூன்றாவது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உட்கார்ந்ததும் குறைந்ததா? நான்காவது, கூடவே மூச்சு வாங்குகிறதா, குமட்டுகிறதா, தலை சுற்றுகிறதா, காரணம் தெரியாத பயம் வருகிறதா? பயம் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. "நான் பொழைக்க மாட்டேன் போலிருக்கு" என்று அமைதியாகச் சொல்பவரை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த நான்குக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

5. பெண்களிடம் வேறுபடும் இடங்கள்

பெண்களுக்கு நெஞ்சு வலியே வராது என்று ஒரு தவறான தகவல் சுற்றுகிறது. அப்படி இல்லை. பெண்களுக்கும் அதிகமாக வரும் அறிகுறி நெஞ்சில் பாரமோ அழுத்தமோதான். ஆனால் அதோடு மூச்சு வாங்குதல், குமட்டல், வாந்தி, முதுகு வலி, தாடை வலி, கைகால் ஓய்ந்துபோவது என்று கூட வருபவை ஆண்களைவிட அதிகம். அவர்கள் முதலில் சொல்வது அந்தக் கூட வருபவற்றைத்தான், நெஞ்சைப் பற்றி நாம் கேட்ட பிறகுதான் வரும்.

ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், வாந்தி என்று கூட்டி வந்தார்கள். பேசும்போது முந்தானையால் கீழ்த்தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தால் கிராம்பு வாசம். இரண்டு நாளாகப் பல்வலி என்று கிராம்பு வைத்திருக்கிறார். எப்போது வலிக்கும் என்று கேட்டேன். "துணி துவைக்கும்போதும் படி ஏறும்போதும், செத்த உக்காந்தா விட்டுடும்" என்றார். சொத்தைப் பல் உட்கார்ந்தால் வலிப்பதை நிறுத்துமா? ஈசிஜி எடுத்தோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. கூட வந்த மகனுக்கு நம்பிக்கையே வரவில்லை, "அம்மா நெஞ்சு வலின்னு ஒரு தடவைகூட சொல்லலையே" என்றார். யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் பெண்களிடம் 4-வது படியின் கேள்விகளோடு இன்னும் இரண்டு சேர்த்துக் கேளுங்கள். இந்த வலி எந்த வேலை செய்யும்போது வருகிறது? சில நாட்களாகச் செய்ய முடியாமல் விட்ட வேலை எது? "சமையலை முடிச்சுட்டு வர்றேன்", "பசங்க வரட்டும்" என்று சொன்னால் அடுப்பை நீங்களே அணைத்துவிடுங்கள். வீட்டு வேலை முடியட்டும் என்று அவர் தள்ளிப்போடும் ஒரு மணி நேரம்தான் சிகிச்சைக்கு உகந்த நேரம்.

இளம் பெண் என்பதால் ஒதுக்கவும் கூடாது. கொழுப்பு அடைப்பே இல்லாமல், இதய ரத்தக்குழாயின் உள்சுவர் தானாகக் கிழிந்து மாரடைப்பு வருவதுண்டு. அது பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் வரலாம். அதேபோல பிரசவம் ஆன பெண்ணுக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை மேல் தலையணை வைக்க வேண்டியிருக்கிறது, கால் வீக்கம் கூடிக்கொண்டே போகிறது என்றால் "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று விடாதீர்கள். இதயத் தசை பலவீனமாவதன் அறிகுறி அது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

6. சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், அப்புறம் இந்த வாயுப் பிரச்சினை

பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பு பாதித்திருக்கும். வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, மயக்கம், வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலே போதும், சந்தேகப்படுங்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து இனிப்பைக் கொடுத்துப் படுக்க வைப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். அளவு சரியாக இருந்தும் வியர்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எண்பது வயதுக்காரருக்குத் திடீர்க் குழப்பமோ தள்ளாட்டமோ மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

வாயு விஷயம். நம் வீடுகளில் மிகப் பெரிய எதிரி இந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். இதயத்தின் கீழ்ச்சுவர் வயிற்றுக்கு மேலே உதரவிதானத்தில் படிந்திருக்கிறது. அந்தப் பகுதியில் மாரடைப்பு வந்தால் மேல் வயிறு எரியும், ஏப்பம் வரும், வாந்தி வரும், விக்கல்கூட வரும். அச்சு அசல் வாயு போலவே இருக்கும்.

விரலால் அழுத்தினால் வலி கூடுகிறது, மூச்சை இழுத்தால் குத்துகிறது, திரும்பிப் படுத்தால் மாறுகிறது, ஒரு நொடி சுருக்கென்று குத்திவிட்டுப் போகிறது என்றால் இதயமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஜெலுசில் குடித்ததும் குறைந்தது, ஏப்பம் விட்டதும் லேசானது என்பதை வைத்து முடிவு செய்யவே கூடாது, மாரடைப்பின் வலியும் கூடிக் குறையும். வாயுவாக இருந்து ஈசிஜி எடுத்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் இல்லை.

7. ஐந்து நிமிடக் கெடு

உட்கார்ந்து ஓய்வெடுத்தும் ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் கூட இருந்தால் ஐந்து நிமிடமும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து இந்த முடிவை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், நோயாளியைக் கேட்டு எடுத்தால் "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்ற பதில்தான் கடைசி வரை வரும்.

போனில் சொல்ல வேண்டியது: "58 வயது ஆண், நெஞ்சு பாரம், வியர்வை, 20 நிமிடமா இருக்கு, நினைவோட இருக்கார்." அப்புறம் முகவரி, பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி ஏதாவது ஒன்று. ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி நிறுத்துங்கள்.

ஆம்புலன்ஸ் வர அதிக நேரமாகும் என்று தெரிந்தால் காரிலோ ஆட்டோவிலோ கிளம்பலாம், பின் சீட்டில் கூட ஒருவர் உட்கார வேண்டும். பைக் வேண்டவே வேண்டாம். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் நோயாளியை உட்கார வைத்துக் கொண்டுவருவதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். வழியில் இதயம் நின்றுவிட்டால் அவரைப் பிடித்து வைத்திருப்பதைத் தவிர உங்களால் எதுவும் செய்ய முடியாது. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வருவது இன்னும் மோசம்.

8. வண்டி வரும் வரை

பாதி உட்கார்ந்த நிலையில், முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்காலை மடக்கி வையுங்கள். இதயத்துக்கு வேலை குறைவது இந்த நிலையில்தான். சட்டைப் பொத்தான், ரவிக்கைக் கொக்கி, இடுப்பு பெல்ட்டைத் தளர்த்துங்கள். நடக்க விடாதீர்கள், மாடியிலிருந்து இறக்க வேண்டுமானால் நாற்காலியோடு தூக்குங்கள்.

கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள், குறிப்பாக ஆண்கள். முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று மாறி அங்கேயே விழுவதுண்டு. கதவை உள்ளே தாழிட்டிருந்தால் உடைத்துத் திறக்க நேரமாகும். கூடிய மட்டும் தடுங்கள், முடியாவிட்டால் தாழ்ப்பாள் போட விடாதீர்கள்.

ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் அளவு கொடுக்கலாம், 75 என்றால் நான்கு மாத்திரை, 150 என்றால் இரண்டு. விழுங்கக் கூடாது, மென்று சாப்பிட வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிபவர், ஒரு பக்கம் கை கால் விளங்காமலோ வாய் கோணியோ இருப்பவர், முதுகு கிழிவது போல வலிக்கிறது என்பவர், இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 108-ல் பேசுபவரிடமே கேளுங்கள். மாத்திரை வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். அது ரத்த அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே பிபி குறைந்திருப்பவருக்கும், விறைப்புக்கான மாத்திரையை ஓரிரு நாளுக்குள் சாப்பிட்டவருக்கும் அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் அவருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால், உட்கார வைத்து, சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

விடாமல் இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி பல வருடமாக வந்துகொண்டிருக்கிறது. அது சிகிச்சை கிடையாது. இருமி வீணாக்கும் அந்த நேரத்தில் 108-க்குப் போன் செய்யுங்கள்.

9. ஆஸ்பத்திரி வாசலில்

வரிசையில் நிற்காதீர்கள். "நெஞ்சு பாரம், ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சது, ஈசிஜி எடுக்கணும்" என்று முதலில் கண்ணில் படும் செவிலியரிடம் சொல்லுங்கள். "கேஸ் டிரபிள் மாதிரி இருக்கு" என்று நீங்களே ஒரு பெயர் வைத்துச் சொன்னால், கூட்டம் அதிகமான நேரத்தில் கேட்பவரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொள்ளலாம். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி, நீங்கள் அதைக் கேட்பதில் தவறில்லை.

பெண்களுக்கு ஈசிஜி எடுக்கும்போது கூச்சத்தினால் தாமதமாகிறது, சில நேரம் கம்பிகளைச் சரியான இடத்தில் வைக்காமல் எடுத்துவிடுகிறார்கள். திரை போடச் சொல்லுங்கள், பெண் ஊழியரைக் கேளுங்கள், ஆனால் ரவிக்கையைத் திறந்தே எடுக்க வேண்டும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, ஒதுக்கி வைத்தால் போதும். இதற்காக மாமியாரும் மருமகளும் பத்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: முதல் ஈசிஜி நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது. மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி சரியாகவே இருக்கலாம். தொந்தரவு தொடர்ந்தால் கால் மணி, அரை மணி இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் தசை பாதித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும், அதனால் அதையும் இரண்டு முறை பார்ப்பார்கள். "ஏற்கெனவே எடுத்தாச்சே, காசு பிடுங்கறாங்க" என்று கோபப்படாதீர்கள். ஒவ்வொரு ஈசிஜியையும் போனில் படம் எடுத்து வையுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் உதவும்.

வலி தானாகப் போய்விட்டாலும் திரும்பிப் போகாதீர்கள். அடைத்த ரத்தக்கட்டி கொஞ்சம் விலகி வழி விட்டிருக்கலாம், மறுபடி அடைக்கலாம்.

10. விழுந்துவிட்டால்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை அல்லது மீன் போல வாயைத் திறந்து எப்போதோ ஒரு முறை இழுக்கிறார் என்றால் இதயம் நின்றுவிட்டது. அந்த இழுப்பை மூச்சு என்று நம்பித்தான் பலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீர் தெளிப்பது, கையில் சாவி கொடுப்பது, உள்ளங்காலைத் தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள், மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அழுத்தினால் போதும்.

பெண் என்றால் கை வைக்கத் தயங்குகிறார்கள். சேலை, சுடிதார் மேலேயே அழுத்தலாம், எதையும் கழற்ற வேண்டாம், ஆனால் தயங்கி நிற்கக் கூடாது. விலா எலும்பு முறிந்தால் ஆறிவிடும், அதற்காகவும் நிறுத்த வேண்டாம்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று மாறிக்கொள்ளுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. அவர் அசையும் வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தங்கள் கையை வைக்கும் வரை அழுத்திக்கொண்டே இருங்கள். அழுத்தும்போதே அவர்களிடம் இரண்டு நேரத்தைச் சொல்லுங்கள்: தொந்தரவு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு விழுந்தார்.